கரையான் பானை

கம்பும் அரிசிக் குருணையும் இறைத்தால் கோழிக்கு வயிறு நிறையும்; முட்டைக்கு அது போதாது. மக்காச்சோளத்தில் புரதம் 9 சதவீதத்தை ஒட்டித்தான், கம்பில் 11, 12. முட்டையிடும் கோழிக்கு வேண்டியதோ 16 முதல் 18 வரை. கடைத் தீவனம் இந்தப் பற்றாக்குறையைப் பெரும்பாலும் சோயாப் புண்ணாக்கால் ஈடுகட்டுகிறது. எனக்குப் பிடித்தது கரையான் பானைதான்.

கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு எல்லாவற்றையும் பழைய பானையில் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்த்துச் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்ததும் எடுத்துத் தட்டினால் வெள்ளை வெள்ளையாக உதிரும். தாய்க்கோழி கூப்பிட்டு முடிப்பதற்குள் குஞ்சுகள் பாதியைக் காலி செய்துவிடும். வெயில் ஏறும்வரை விட்டால் கரையான் மண்ணுக்குள் போய்விடும். தூங்குமூஞ்சிகளுக்கு இந்தத் தீவனம் கிடையாது!

கடலைப் புண்ணாக்கிலும் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் உண்டு. பூஞ்சை பிடித்ததை மட்டும் ஒரு பிடிகூடப் போடக் கூடாது. அதிலுள்ள நச்சு கல்லீரலைக் கெடுக்கும்.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும், ஓடு கெட்டிப்படுவதோ பெரும்பாலும் இரவில். அதனால் கிளிஞ்சல் நொறுக்கலைச் சாயங்காலம் வைப்பதே சரி. தீவனத்தோடு கலக்க வேண்டாம். வளரும் குஞ்சுகளுக்கு மிகுதியான கால்சியம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தனிச் சட்டியில் வைத்தால் முட்டையிடும் கோழி தானாக வந்து வேண்டியதைக் கொத்திக்கொள்ளும்.