டேண்டம் சைக்கிள்: பின் சீட்டு என்ன சொல்கிறது?

இருவர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் டேண்டம் சைக்கிளைப் பற்றி நான் படித்த விமர்சனங்கள் எல்லாமே முன் சீட்டுக்காரர்கள் எழுதியவை. ஹேண்டில், பிரேக், கியர் மூன்றும் அவர்கள் கையில்தான். வண்டி எப்படித் திரும்புகிறது, எப்படி நிற்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த வண்டி வீட்டில் தொடர்ந்து ஓடுமா, ஆறே மாதத்தில் மொட்டை மாடிக்குப் போய்விடுமா என்று தீர்மானிப்பது பின்னால் உட்காருகிறவர். நான் பின்னால் உட்காருகிறவள்.

எங்களுக்கு ஏன் இந்த வண்டி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரருக்கு ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.2 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல்படி. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. “சாப்பாட்டைக் குறைங்க, தினமும் உடம்பு வேர்க்கணும்” என்று அனுப்பிவிட்டார். இருவரும் ஆளுக்கொரு கியர் சைக்கிள் வாங்கினோம். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. அவர் மணிக்கு 24 கிலோமீட்டர், நான் 18. ஒரு மணி நேரத்தில் எங்களுக்கு நடுவே 6 கிலோமீட்டர். அவர் முட்டுக்காடு பாலத்தருகே இறங்கி டீ குடித்து, காலாற நின்று, செல்போனும் பார்த்து முடிக்கும்போது நான் போய்ச் சேருவேன். “வந்துட்டியா, கிளம்பலாமா?” என்பார். ஓய்வு தேவைப்படுகிறவளுக்கு ஓய்வே கிடையாது, தேவைப்படாதவருக்குத் தாராளம். அவர் எனக்காக மெதுவாக மிதித்தால் அவருக்கு வேர்க்காது. நான் அவருக்காக வேகமாக மிதித்தால் பத்தே நிமிடத்தில் மூச்சு வாங்கும். சேர்ந்து சைக்கிள் ஓட்டும் தம்பதிகளில் பாதிப் பேர் விட்டுவிடுவது இந்த ஒரு காரணத்தால்தான் என்பது என் கணிப்பு.

டேண்டம் இதை ஒரே அடியில் தீர்க்கிறது. மற்ற குறைகளையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வது இதற்காகவே.

நாங்கள் வாங்கியது கைமாறி வந்த பழைய வண்டி. அந்த மாடல் இப்போது வருவதில்லை, அதனால் பெயர் சொல்லிப் பயனில்லை. அலுமினியச் சட்டம், 700சி சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் 36 ஸ்போக்ஸ், 38 மில்லிமீட்டர் டயர், 27 கியர், இரண்டு டிஸ்க் பிரேக். எடை 19 கிலோ, நீளம் சுமார் இரண்டரை மீட்டர். எங்கள் அடுக்குமாடி லிஃப்டுக்குள் பின் சக்கரத்தில் நிமிர்த்தி நிறுத்தினாலும் மூலைவாட்டில்தான் நுழைகிறது.

இரண்டு பேர் மிதித்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று நினைக்க வேண்டாம். சமதரையில் 20 கிலோமீட்டரைத் தாண்டினால் சைக்கிள்காரரின் பலத்தில் பெரும்பங்கைக் காற்றுதான் தின்கிறது. டேண்டத்தில் நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன். கால்கள் நான்கு, காற்றை முட்டும் உடம்போ ஏறக்குறைய ஒன்று. ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற தட்டையான ரோட்டில் அவர் தனியாகப் போகும் 24 கிலோமீட்டரைவிடச் சற்றுக் கூடுதலாகவே போகிறோம், அதுவும் பேசிக்கொண்டே.

பேசிக்கொண்டே என்பது சும்மா சொன்னதில்லை. மிதமான உடற்பயிற்சியை அளக்க டாக்டர்கள் சொல்லும் எளிய சோதனை அதுதான்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் இப்படிப்பட்ட உழைப்பைச் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை மாமல்லபுரம் போய்த் திரும்பினால் அந்தக் கணக்கு ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. முடிந்தது என்று மற்ற ஆறு நாளும் சோபாவில் கிடந்தால் சர்க்கரைக்குப் பலனில்லை, அது வேறு விஷயம்.

இரண்டு பெடல்களும் ஒரே வேகத்தில் சுற்றும். ஆனால் இருவரும் ஒரே அளவு உழைக்க வேண்டும் என்றில்லை. அவர் அழுத்தி மிதிக்கும்போது நான் காலைச் சும்மா சுற்றவிடலாம். மணிக்கட்டில் கட்டும் இதயத்துடிப்புக் கருவியில் அவருக்கு 130, எனக்கு 112 என்று ஒரே நேரத்தில் காட்டும். அவரவர் உடம்புக்கு ஏற்ற உழைப்பு, ஆனால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். இதை வேறு எந்தச் சைக்கிளாலும் தர முடியாது. நான் சும்மா சுற்றினால் முன்னால் இருப்பவருக்குத் தெரியுமா? லேசாகத் தெரியும். வழியில் போகிறவர்களுக்கோ உறுதியாகவே தெரிந்துவிடுகிறது. கோவளம் முதல் மரக்காணம் வரை எந்த டீக்கடையைத் தாண்டினாலும் யாராவது ஒருவர் கத்துவார்: “சார், பின்னாடி அம்மா மிதிக்கவே இல்ல!” உலகம் முழுக்க டேண்டம்காரர்கள் கேட்டுச் சலித்த நகைச்சுவை இது. முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது.

பின் சீட்டின் குறைகளுக்கு வருகிறேன். எனக்கு ரோடு தெரியாது. தெரிவதெல்லாம் ஒரு நீல பனியனும் அதில் பரவும் வேர்வையும்தான். தனிச் சைக்கிளில் பள்ளம் வந்தால் உடம்பு தானாகவே சீட்டை விட்டு எழும்பும். இங்கே பள்ளம் என் முதுகெலும்புக்குத்தான் முதலில் தெரியவரும். எனவே முன்னால் இருப்பவர் வாயைத் திறந்தாக வேண்டும். “பள்ளம்”, “மேடு”, “கியர்”, “நிறுத்து” என்று ஒற்றைச் சொல்லாக. என்னங்க, கொஞ்சம் நிறுத்துறீங்களா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் வண்டி அடுத்த ஊருக்குப் போயிருக்கும். நானும் “ஸ்டாப்” என்கிறேன், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. பின் சீட்டுத் தண்டில் ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷன் கட்டாயம். அது இல்லாத டேண்டத்தில் என்னை உட்காரச் சொன்னால் பஸ்ஸில் வருகிறேன் என்பேன்.

அடுத்தது சீட்டு வலி. தனியாக ஓட்டுகிறவர் தன்னையறியாமல் அடிக்கடி எழுந்து மிதிப்பார். டேண்டத்தில் ஒருவர் மட்டும் எழுந்தால் வண்டி ஆடும். இருவரும் சொல்லிவைத்து எழ வேண்டும். சொல்ல மறந்தால் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்போம், வலி அடுத்த மூன்று நாளுக்கு இருக்கும். பெண்களுக்கு இடுப்பெலும்பு அகலம், சீட்டும் கொஞ்சம் அகலமாக வேண்டும். சுடிதார் பேண்ட்டுக்குள் பஞ்சு வைத்த ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளலாம். துப்பட்டா வேண்டவே வேண்டாம். சக்கரமும் செயினும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கழிப்பிடத்துக்குப் பெட்ரோல் பங்குகளை முன்கூட்டியே குறித்துவைக்கிறேன். நெடுந்தூரம் ஓட்டும் ஆண்கள் எழுதும் வழிகாட்டிகளில் இந்த வரி எப்போதும் விடுபட்டுப்போகிறது.

நன்மை என்னவென்றால், என் இரண்டு கையும் சும்மா இருக்கிறது. பின்னால் வரும் லாரிக்குக் கை காட்டுவது, வழி பார்ப்பது, தண்ணீர் பாட்டிலைத் திறப்பது எல்லாம் என் வேலை. நெடும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம். பழத்தை உரித்து முன்னால் நீட்டினால் அவர் திரும்பிப் பார்க்காமலே வாங்கிக்கொள்கிறார். ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலத்தை முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும்; அரை பாட்டிலில் கொட்டினால் உப்பு கூடிவிடும். கிளம்புமுன் இரண்டு இட்லி போதும். நெய்ப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு ஏறினால் கல்பாக்கம் வரை அது நெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும்.

சென்னையிலிருந்து புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர். விடியுமுன்பே கிளம்பிவிட வேண்டும். கோடையில் முற்பகல் கழிந்ததும் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழும்பும். தெற்கே போகிறவருக்கு அது எதிர்காற்று. எதிர்காற்றில்தான் டேண்டத்தின் அருமை தெரியும், என்றாலும் உச்சி வெயிலில் மரக்காணம் உப்பளத்து ரோட்டில் எந்த அருமையும் தெரியாது. மார்கழியில் போனால் வடகிழக்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும்.

அந்த ரோட்டில்தான் இந்த வண்டிக்கே உரிய ஒரு கோளாறையும் பார்த்தோம். முன் பெடலையும் பின் பெடலையும் இணைக்கும் செயின் வண்டியின் இடப்பக்கம் ஓடுகிறது. அது நாளடைவில் தளர்ந்து, ஒரு பல் தாண்டிக் குதித்துவிட்டது. அவர் கால் உச்சியில் இருக்கும்போது என் கால் கொஞ்சம் பின்தங்கி வந்தது. காலுக்குப் புரிந்துவிடுகிறது, கண்ணுக்குத்தான் நேரமாகிறது. முன் பெடலின் அச்சு உட்காரும் உருளையில் துளை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும். அதன் திருகைத் தளர்த்தி உருளையைத் திருப்பினால் அச்சு முன்னால் நகரும், செயின் இறுகும். விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆட வேண்டும். விறைப்பாக இறுக்கினால் பேரிங் போய்விடும். ஒரு ஆலன் சாவி இருந்தால் பத்து நிமிட வேலை. வாங்குகிறவர்கள் கடையிலேயே இதை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

மலை வேறு கதை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது காற்றுச் சலுகை போய்விடுகிறது. 19 கிலோ வண்டியும் இரண்டு உடம்பும் மட்டும் மிஞ்சுகின்றன. தாளம் கொஞ்சம் தப்பினாலும் வண்டி தள்ளாடும். தனிச் சைக்கிளில் சாதாரணமாக ஏறிவிடும் பையன்கள் எங்களை விசாரித்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். இறங்கும்போதுதான் உண்மையான கவலை. அவர் 72, நான் 58, வண்டியும் சேர்ந்தால் 149 கிலோ. அத்தனையும் இரண்டே பிரேக்கின் தலையில். தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் பழுக்கக் காய்ந்து பிடிமானம் குறையும். விட்டுவிட்டுப் பிடித்து, வளைவுகளில் நிறுத்தி ஆறவைத்துத்தான் இறங்கினோம். மலைக்கென்றே வாங்குகிறவர்கள் 203 மில்லிமீட்டர் டிஸ்க்கோ, வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தும் மூன்றாவது பிரேக்கோ உள்ள வண்டியாகப் பார்க்க வேண்டும். அந்த மூன்றாவது பிரேக்கின் பிடியைப் பின் சீட்டுக்காரர் கையிலும் கொடுக்கலாம். எனக்கு அது இருந்திருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும்.

இந்த வண்டியை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்? 2022-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டீவன், லாரா மாஸி-பியூ தம்பதி டேண்டத்திலேயே 180 நாட்களுக்குள் உலகைச் சுற்றி வந்தார்கள். பிரான்சில் 1891-இல் தொடங்கி இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தில் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அதில் டேண்டங்களுக்கு இடம் உண்டு. நம் ஊரில் ஆடாக்ஸ் இந்தியா வழியாக நடக்கும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களில் ஆரம்பப் படி 200 கிலோமீட்டர், கெடு பதின்மூன்றரை மணி நேரம். எங்கள் கண் இப்போது அதில்தான் இருக்கிறது.

யாருக்கு வேண்டாம்? தினமும் ஆபீசுக்குத் தனியாக சைக்கிளில் போகிறவர்களுக்கு, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்காரர்களுக்கு, ரயிலில் ஏற்றி ஊர் ஊராகப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு. இரண்டரை மீட்டர் வண்டியை வெளியூர் கொண்டுபோக டெம்போதான் பேச வேண்டும். சட்டத்தைத் திருகிப் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் டேண்டங்கள் வெளிநாட்டில் உண்டு, விலையைக் கேட்டால் டெம்போ வாடகை மலிவாகிவிடும். மனைவி சைக்கிளே ஓட்டியதில்லை, இதில் ஏற்றிவிட்டால் பழகிவிடுவாள் என்று நினைக்கும் கணவர்களுக்கும் வேண்டாம். கட்டுப்பாடு எதுவும் கையில் இல்லாமல் பின்னால் உட்கார, சைக்கிளை நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் துணிவு வரும்.

பழுது பார்ப்பதில் நகரத்துப் பளபளப்பான ஷோரூம்களைவிட ஊர்ப்புறத்து சைக்கிள் கடைகள்தான் எங்களுக்குக் கைகொடுத்தன. மரக்காணத்துக்கு முன்னால் ஒரு கீற்றுக் கொட்டகைக் கடையில் பின் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தார் ஒரு பெரியவர். ஸ்போக்ஸை விரலால் சுண்டி, சத்தம் கேட்டு, சாவியைக் கால் சுற்றுத் திருப்பி, மறுபடி சுண்டினார். “ரெண்டு பேர் பாரம்மா, மாசத்துக்கு ஒருக்கா பாத்துக்குங்க” என்றார். அவசரத்துக்கு எட்டு மாற்று ஸ்போக்ஸும் வாங்கிச் சட்டத்திலேயே டேப் போட்டு ஒட்டிவைத்திருக்கிறோம். பின் சக்கரத்தில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நீளம் வேறு. இரண்டிலும் நான்கு நான்கு.