நாளைக்கும் செல்லும் விடை

ஒரு செய்நிரல் மொழியின் அழகைப் பலர் அதன் சுருக்கத்திலோ வேகத்திலோ தேடுகிறார்கள். கையில் வந்து சேர்ந்த ஒரு மதிப்பை ‘நீ என்ன வகை?’ என்று அந்த மொழி எப்படிக் கேட்கிறது, கிடைத்த விடைக்கு எவ்வளவு தூரம் பொறுப்பேற்கிறது என்பதில்தான் அதன் கைத்திறன் தெரியும் என்பது என் துணிபு. மலையகத்துக்கு இது அந்நியமான கேள்வி அல்ல. பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். தொழிலாளியின் பெயர், அன்று வேலைக்கு வந்தாரா என்ற குறிப்பு, காலையிலும் மாலையிலும் நிறுத்த கொழுந்தின் கிலோ: பதிவு இவ்வளவுதான். ஆனால் குறித்த கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கணக்குத்தான் விழும். அங்கே எண் என்று நம்பியது எண்ணாகவே இருக்கிறதா என்பது ஒரு வீட்டின் சம்பளத்தைத் தொடும் கேள்வி.

இயங்கும்போதே வகையைத் தீர்மானிக்கும் மொழிகள் இந்த இடத்தில் எளிதாகச் சறுக்குகின்றன. காலை 11, மாலை 9 என்ற இரண்டும் எழுத்துச்சரங்களாக வந்துவிட்டால், ஜாவாஸ்கிரிப்ட் அவற்றைக் கூட்டாமல் ஒட்டவைத்து 119 என்று தரும். பிழை எதுவும் சொல்லாது. சரி, வகையைக் கேட்டுவிட்டே கூட்டலாம் என்றால், கேட்கும் கருவியிலும் குறை உண்டு. 1995இல் பிறந்த அந்த மொழியில் ‘டைப்ஆஃப்’ என்று கேட்டால், எதுவுமே இல்லாத வெறுமைக்கும் ‘ஆப்ஜெக்ட்’ என்றே விடை வரும். திருத்தினால் பழைய செய்நிரல்கள் உடையும் என்பதால் அந்தப் பிழை இன்றும் அப்படியே இருக்கிறது. பைதனின் ‘இஸ்இன்ஸ்டன்ஸ்’ இதைவிடப் பக்குவமானது. ஆனாலும் அங்கே உண்மை, பொய் என்ற மதிப்புகள் முழு எண்ணின் உள்வகை. ஆகவே ‘வேலைக்கு வந்தார்’ என்ற குறி கிலோவுக்குரிய கட்டத்தில் தவறி விழுந்தால், அது முழு எண்தான் என்று சோதனை ஏற்றுக்கொள்ளும். மொத்தத்தில் ஒரு கிலோவாகவும் சேரும்.

இந்தச் சிக்கலுக்கு நான் கண்டவற்றுள் மிக நேர்த்தியான விடை இலங்கையிலேயே உருவானது. 2005இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய பாலரீனா மொழியைத்தான் சொல்கிறேன். அதன் 1.0 பதிப்பு 2019இல் வந்தது. ‘ஸ்வான் லேக்’ பதிப்பு 2022இல் நிலைபெற்றது. வடிவமைப்பை வழிநடத்தியவர் ஜேம்ஸ் கிளார்க். எக்ஸ்.எம்.எல். உருவாக்கத்தில் பங்காற்றியவர், ஆவணங்களின் அமைப்பை வரையறுக்கும் ரிலாக்ஸ் என்.ஜி.யை முராத்தா மகோத்தோவுடன் சேர்ந்து அமைத்தவர். தரவு என்ன வடிவில் வருகிறது என்பதையே பல காலம் ஆராய்ந்த மனம் அது. பாலரீனாவை முழுக்க இயங்குநிலை மொழி என்று சொல்ல முடியாது. பெரும்பகுதியைத் தொகுப்பியே முன்கூட்டிச் சரிபார்த்துவிடுகிறது. ஆனால் வலைவழியே வரும் தரவைத் தொகுப்பி கண்டதே இல்லை. அதை எதிர்கொள்ளும் வேளையில் எந்த இயங்குநிலை மொழிக்கும் உள்ள அதே இக்கட்டு இதற்கும் உண்டு.

அந்த இக்கட்டில் பாலரீனா இரண்டு நிலைகளைப் பிரித்தறிகிறது. ஒரு மதிப்பு இந்தக் கணத்தில் ஒரு வகையைப் போல் தோன்றுவது ஒன்று. பின்னர் எப்படி மாற்றப்பட்டாலும் அந்த வகைக்குள்ளேயே நிற்கும் என்பது மற்றொன்று. ‘இஸ்’ என்ற அதன் சோதனை இரண்டாவதற்குத்தான் ‘ஆம்’ சொல்லும். காய்ந்த தேயிலையைச் சல்லடையில் சலித்து பி.ஓ.பி. என்ற தரமாகப் பெட்டியில் இட்டால் அதன் அளவு அப்படியே இருக்கும். சாக்கில் திணித்த பச்சைக் கொழுந்தோ தொழிற்சாலை சேருமுன்னே சூடேறிக் கன்றிவிடலாம். மாறாத மதிப்பும் மாறக்கூடிய மதிப்பும் அப்படி வேறுபட்டவை. முன்னதற்கு இப்போதைய வடிவத்தைப் பார்த்தாலே போதும். மாறக்கூடியதோ, பிறக்கும்போதே தனக்கென ஒரு வகையைச் சுமந்துவருகிறது. சோதனை அதைத்தான் பார்க்கிறது. ஜேசான் என்ற தரவு வடிவிலிருந்து வந்த பதிவில் கிலோ 18 என்ற எண்ணாகவே இருந்தாலும், மாறக்கூடிய நிலையில் அதைக் கொழுந்துப் பதிவென்று பாலரீனா ஏற்காது. செய்நிரலின் இன்னொரு மூலை அதே பதிவைப் பிடித்துக்கொண்டு, அடுத்த நொடி கிலோ இருந்த இடத்தில் ‘லீவு’ என்று எழுதிவிடக்கூடும். வேண்டுமானால் ‘குளோன்வித்டைப்’ மூலம் புதுப் பிரதி எடுக்கலாம். வடிவம் பொருந்தினால் பிரதி அந்த வகையோடு பிறக்கும். 18 எழுத்துச்சரமாக வந்திருந்தால், எண்ணாக ஊகித்துக்கொள்ளாமல் பிழையைத் திருப்பித் தரும்.

வகையைக் கேட்பதே தேவையற்றது, வேலையைச் செய்யவிட்டுத் தோற்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று பைதன், ரூபி மரபினர் சொல்வார்கள். தோல்வி சத்தமாக வரும் இடங்களில் அந்தச் சுதந்திரம் நல்லதுதான். பல அருமையான நூலகங்கள் அதனால் உருவாகியிருக்கின்றன. ஆனால் மேலே கண்ட 119 தோற்கவே இல்லை, மௌனமாக வென்றது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வகைகளைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட் போதுமே என்பது அடுத்த மறுப்பு. அதன் வகைகள் தொகுக்கும்போதே அழிந்துவிடுகின்றன. இயங்கும்போது வந்து சேரும் தரவை ‘இது கொழுந்துப் பதிவுதான்’ என்று அங்கே நம்ப மட்டுமே முடியும், அந்த அறிவிப்பு எதையும் சோதிப்பதில்லை. மூன்றாவது மறுப்புக்குத்தான் உண்மையான எடை உண்டு: பிரதி எடுக்க நினைவகமும் நேரமும் செலவாகும், மேலும், எண்கள் மட்டுமே கொண்ட அட்டவணையை எதையும் ஏற்கும் அட்டவணையாகக் கையளிக்க இந்த மொழி இடம் தருவதால், அதில் சொல்லை எழுத முயன்றால் செய்நிரல் இயங்கும்போதே முறியும். இரண்டும் மெய். ஆயினும் பிரதிச் செலவு தரவு உள்ளே நுழையும் வாசலில் ஒருமுறைதான். முறிவு நிகழ்வதும் தவறான எழுத்து விழும் அதே வரியில்தான். மாத முடிவில் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பின்னோக்கித் தேடும் அலைச்சல் மிச்சமாகிறது.

ஆகவே பாதுகாப்பான வகைச் சோதனையை வெறும் காவல் என்று மட்டும் பார்ப்பது அதன் பெருமையைக் குறைத்து மதிப்பிடுவதாகும். ‘ஆம்’ என்ற விடை வந்த கிளைக்குள், அந்த மாறிக்கு வேறு மதிப்பு இடாதவரை, அது எண் என்றே தொகுப்பி கொள்கிறது. மீண்டும் மீண்டும் சந்தேகப்படும் வரிகள் உதிர்ந்துபோகின்றன. கேள்வி கறாராக இருந்ததால் அதன்பின் எழுதுவது இலகுவாகிறது. ஊவாத் தோட்டப் பதிவுகளுக்கு எந்த மொழியில் செய்நிரல் எழுதினாலும் இந்த ஒழுங்கை எடுத்துச் செல்லலாம்: தரவை வாசலில் வைத்தே சோதிப்பது, சோதித்ததை மாற்றமுடியாத பிரதியாக்குவது, ஐயம் வந்தால் ஊகிக்காமல் பிழையைச் சொல்வது. உழைப்பை எண்ணாக மாற்றும் எவருக்கும் இந்தக் கறார்தன்மை கடமை; அதை ‘இஸ்’ என்ற இவ்வளவு சிறிய ஒரு சொல்லுக்குள் அடக்கியது கலை.