லீடரின் பட்டியலும் மன்றத்தின் மேடையும்

11ஆம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்த காலத்தில் படித்தவர்களிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பாடத்தைப் பற்றிய பேச்சு அதிகம் வராது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நடந்த இலக்கிய மன்றம், கழுத்துத் துணி கட்டிய சாரணர் படை, என்.சி.சி. அணிவகுப்பு முடிந்ததும் கிடைத்த பூரி கிழங்கு, சஞ்சாயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டத்தின் பாஸ்புக், தமிழய்யா திருத்திக் கொடுத்த கையெழுத்துப் பத்திரிகை என்று பேச்சு நீளும். என்.சி.சி. 1948இல் வந்தது. பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950இல் உருவானது. இவை நாடு முழுவதற்கும் பொது. மன்றமும் கையெழுத்துப் பத்திரிகையும் நம் ஊர் ஆசிரியர்கள் தாமாக வளர்த்தெடுத்தவை.

1978இல் மேல்நிலைப் படிப்பு வந்து, 1980இல் முதல் பிளஸ் டூ தேர்வும் நடந்த பிறகு மதிப்பெண்ணே பள்ளியின் மூச்சாகிவிட்டது. மன்ற பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொண்டார். அதனால்தான் பழையதை நினைத்து இவ்வளவு ஏக்கம். அந்த ஏக்கத்தில் நியாயம் உண்டு என்பதே என் எண்ணமும். ஆனாலும் அந்த அமைப்புகள் யாருக்குக் குரல் கொடுத்தன, யாரை வாயடைக்க வைத்தன என்று பிரித்துப் பார்க்காமல் அப்படியே திரும்பக் கொண்டுவர நினைப்பது சரியல்ல. பிரித்துப் பார்ப்பதற்குப் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் லைட்ஹவுஸ் குப்பத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பாலம் வருவதற்கு முன் அந்தப் பக்கத்துக் குப்பங்களின் பிள்ளைகள் பழவேற்காட்டுக்குப் போக வேண்டுமானால் படகில்தான் போக வேண்டும். அதற்கு மேல் பொன்னேரி என்றால் இன்னும் 20 கிலோமீட்டர் போல. அந்தப் பிள்ளைகள் பொது வாழ்வு தெரியாமல் பள்ளிக்கு வந்தவர்கள் அல்ல. கூட்டம் கூடுவது, வழக்குப் பேசுவது, அபராதம் போடுவது, கோயில் கணக்கை ஊரார் முன் ஒப்பிப்பது எல்லாவற்றையும் ஊர்ப் பஞ்சாயத்தில் பார்த்து வளர்ந்தவர்கள். ஏரியில் ‘பாடு’ என்ற முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் வலை போடும் இடங்களைத் தங்களுக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்று உனக்கு நல்ல இடம் என்றால் நாளை எனக்கு. பணக்காரன், பலசாலி என்பதற்காக நல்ல இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ள முடியாது. சிறப்பான ஏற்பாடு. ஆனால் அந்த முறையில் பெயர் இருப்பது கல்யாணமான ஆணுக்கு மட்டும்தான், அதுவும் குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்திருந்தால். பெண்ணுக்கு இடமில்லை. ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும் இல்லை.

பள்ளிக்கூடத்து மன்றம் இந்த இடத்தில்தான் புதிதாக ஒன்றைச் செய்தது. அதன் நடைமுறை எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றே. இறைவணக்கம், வரவேற்புரை, போன கூட்டத்தின் அறிக்கை, பேச்சு, பாட்டு, நன்றியுரை, நாட்டுப்பண். நன்றியுரை சொல்ல வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் கையில் ஒரு கோடு போட்ட தாள் நடுங்கும். ‘தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே’ என்பது வரை தொண்டை அடைக்கும். அதற்குப் பிறகு குரல் வந்துவிடும். ஊர்க்கூட்டத்தில் அவள் அம்மா வாய் திறந்திருக்க மாட்டாள். இங்கே அவள் பேச, பழவேற்காட்டு முஸ்லிம் வீட்டுப் பையனும் மீனவர் வீட்டுப் பையனும் காலனிப் பையனும் ஒரே தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். இரண்டு நிமிடம்தான், சொன்னதும் மனப்பாடம் செய்ததுதான். ஆனாலும் பிறப்பைக் கேட்காமல் பேச இடம் கொடுத்த கூட்டம் அந்தக் கரையில் வேறு எது?

அறிக்கை வாசிப்பதையும் குறைவாக எடை போடக் கூடாது. போன கூட்டத்தில் யார் பேசினார், என்ன முடிவானது என்பதை மன்றச் செயலாளர் நோட்டில் எழுதி அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டும். தப்பாக எழுதியிருந்தால் யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். சஞ்சாயிகாவிலும் இதே பயிற்சி இருந்தது. மாணவர் கொண்டுவந்த பத்துப் பைசா, நாலணாவை மாணவரே வரவு வைத்து, பாஸ்புக்கில் பதிந்து, மொத்தத்தைச் சரிபார்த்து ஒப்படைத்தார்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே போட்டுவிட்டு, எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்று தெரியாமலே நிற்கும் குடும்பங்கள் கடற்கரையில் ஏராளம். வரவையும் செலவையும் இரண்டு பத்தியில் எழுதிப் பார்க்கத் தெரிந்த பிள்ளை அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய பலம்!

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். அந்தக் காலப் பள்ளியில் மன்றத்தைவிட அதிகாரம் மிக்க அமைப்பு ஒன்று இருந்தது. அதுதான் கிளாஸ் லீடர். ஆசிரியர் வெளியே போனதும் லீடர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று எழுதிக் கோடு போடுவான். கீழே பெயர்கள் ஏறும். மறுபடி வாய் திறந்தால் பெயருக்குப் பக்கத்தில் ‘அதிகம்’. இன்னொரு முறை என்றால் ‘மிக மிக அதிகம்’. “நான் பேசலடா, பேனாதான் கேட்டேன்” என்று சொன்னாலும் அதுவும் பேச்சுக் கணக்குதான். ஆசிரியர் வந்ததும் பட்டியலைப் பார்த்துப் பிரம்பை எடுப்பார், விசாரணை கிடையாது. லீடருக்கு வேண்டியவன் பெயர் அழிந்துவிடும், வேண்டாதவன் பெயர் நிற்கும். பொய்ச் சாட்சியும் சலுகையும் பயமும் எப்படி வேலை செய்யும் என்பதைப் பிள்ளைகள் இப்படித்தான் கற்றார்கள்.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தான். 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனையே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் அவர் இதைப் புத்தகமாக்கினார். அங்கே ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பது அதன் பெரிய கவர்ச்சி. 60 பேரை ஓர் அறையில் அடைத்த நம் உயர்நிலைப் பள்ளிக்கும் லீடர் தேவைப்பட்டது அதே காரணத்துக்காகத்தான். ஆனால் பெல்லின் பள்ளியில் குற்றங்களைப் பதிவேட்டில் எழுதி வைத்து, வாரம் ஒருமுறை மாணவர்களையே நடுவர்களாக உட்காரவைத்து விசாரித்தார்கள். அடி குறைய வேண்டும் என்பது நோக்கம். நாமோ விசாரணையை விட்டுவிட்டுப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டோம். மாணவன் மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பது அருமையான வழி. மாணவனை மாணவன் காட்டிக்கொடுப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டையும் ஒரே ஆள் தலையில் கட்டியதுதான் பிழை.

லீடர் யார் என்பதையும் ஆசிரியரே முடிவு செய்தார். பள்ளி மாணவர் தலைவருக்குச் சில இடங்களில் தேர்தல் நடந்தது உண்மைதான். பெரும்பாலும் முதல் ரேங்க், சத்தமான குரல், சலவைச் சட்டை, நேரத்துக்கு வருவது ஆகியவற்றைப் பார்த்துத் தலைமையாசிரியர் கை காட்டுவார். இந்தத் தகுதிகளைக் குப்பத்துப் பிள்ளையின் நிலையில் நின்று பாருங்கள். படகு வந்தால்தான் பள்ளி. காற்றும் மழையுமான கார்த்திகையில் படகு இல்லை. பிரேயருக்கு லேட் என்று வாசலில் நிறுத்தப்படுகிறவன் எப்படித் தலைவனாவான்? சாயங்காலம் அணிவகுப்புக்கு நின்றால் கடைசிப் படகு போய்விடும். விதியில் யாரையும் விலக்கவில்லை. நேரமும் தூரமும் அந்த வேலையைச் செய்துவிட்டன. மேடை ஏறிய குப்பத்துப் பெண்ணைப் போற்றும்போது மேடைக்கே வர முடியாமல் போனவர்களையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

ஆசிரியர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மன்றம் செழித்த ஊர்களில் தமிழய்யாவோ கணக்கு வாத்தியாரோ அந்த ஊரிலேயே குடியிருந்தார். பத்திரிகைக்கு அட்டை ஒட்டினார், போட்டிக்குத் தன் காசில் பிள்ளைகளைக் கூட்டிப்போனார். அவர்களுடைய உழைப்புக்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு மாற்றல் வந்த அன்றே மன்றமும் படுத்துவிட்டது. மாணவர் மன்றம் என்பது பெயர்தான், உண்மையில் அது ஆசிரியரின் மன்றம்.

இதைவிடப் பெரிய குறை பேசுபொருளில் இருந்தது. கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா, வாளா பேனாவா, கிராமமா நகரமா. இப்படித்தான் தலைப்புகள். பெண்களுக்குக் கழிவறை இல்லை, படகு நேரத்துக்குப் பள்ளி மணி ஒத்துவரவில்லை, குடிதண்ணீர் உப்புக் கரிக்கிறது என்பது போன்றவை எந்த மன்றத்திலும் தலைப்பாக வராது. பேசக் கற்றுக்கொடுத்தார்கள், தன் பிரச்சினையைப் பேசக் கூடாது என்றும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார்கள். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது மாணவர்கள் பேச்சைத் தெருவுக்குத்தான் கொண்டுபோனார்கள். மாநிலமே குலுங்கிய அந்த நாட்களுக்குப் பிறகும் பள்ளி மன்றங்களின் தலைப்புகள் கண்ணகியையும் மாதவியையும் விட்டு நகரவில்லை.

இப்போது அரசுப் பள்ளிகளில் மன்றங்கள் மறுபடி உயிர் பெற்றிருக்கின்றன. 2022இல் அறிவியலுக்கு வானவில் மன்றம் வந்தது. 2024 நவம்பரில் மகிழ் முற்றம் தொடங்கியது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் குழு பிரிக்கிறார்கள். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கயிறுகளைத் தடுக்கவும் பெயரின் அகர வரிசையில் உட்கார வைக்கவும் பரிந்துரைத்தது. பிறப்பை மறந்து சேர்ந்து உட்காரும் இடமாகப் பள்ளி இருக்க வேண்டும் என்ற கவலை இவற்றில் தெரிகிறது. நல்லதுதான். ஆனால் நெய்தல் அணிக்கும் ஒரு லீடரைக் கைகாட்டி, அவன் கையில் சாக்பீஸைக் கொடுத்தால் பழைய கதைதான்.

ஏரிக்கரையின் ‘பாடு’ முறையிலிருந்து முறைவைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அதன் விலக்கல்களை விட்டுவிடலாம். தலைவர், செயலாளர், கணக்கர் பொறுப்புகள் மாதத்துக்கு ஒருவருக்குப் போகட்டும். ரேங்க் பார்க்காமல், வருகைப் பதிவேட்டில் உள்ள எல்லாப் பெயரையும் எழுதிக் குலுக்கட்டும். மன்றக் கூட்டம் பள்ளி நேரத்துக்குள் நடக்கட்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் பள்ளியைப் பற்றிய ஒரு குறையைப் பேசி, அதற்குத் தலைமையாசிரியர் சொன்ன பதிலை அடுத்த கூட்டத்தின் அறிக்கையில் வாசிக்கட்டும். ‘பேசியவர்கள்’ பட்டியலை நாளைக்கே நிறுத்தலாம், அதற்கு அரசாணை தேவையில்லை. இருளர் குடியிருப்பிலிருந்து வாரத்தில் மூன்று நாள் மட்டும் வரும் பிள்ளைக்கு முறை வந்து, அன்றைக்கு அவள் வரவில்லை என்றால் அடுத்தவருக்குத் தள்ளிவிடக் கூடாது. வரும் நாள்வரை அந்த முறை அவளுக்காகவே இருக்க வேண்டும், அவளை அழைத்து வருவது மன்றத்தின் வேலையாகவும் இருக்க வேண்டும்.