மண்வாசனையும் தீவின் மண்ணும்

1954ஆம் ஆண்டு தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் இந்நாட்டுத் தமிழ் எழுத்துக்கு ஆற்றிய பணி பெரிது. தேசிய இலக்கியம், மண்வாசனை என்னும் கோஷங்கள் நம் எழுத்தாளரைத் தம் ஊரையும் தம் மக்களையும் நோக்கித் திருப்பின. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. மனிதரின் பேச்சு வழக்கிலும் பழக்கங்களிலும் மண்வாசனையைத் தேடிய விமர்சனம், மண்ணையே கூர்ந்து நோக்கியதா? இயற்கையைப் பற்றி எழுதுவது ஓய்வுள்ள வர்க்கத்தாரின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம்மிடையே இன்றும் மறைந்துவிடவில்லை. முதலாளித்துவ வேளாண்மை உழைப்பாளியையும் மண்ணையும் ஒருசேரக் கொள்ளையிடுகிறது என்பதை 'மூலதனம்' முதற் பாகத்திலேயே மார்க்ஸ் விளக்கினார். நம்மவர் அதன் முற்பாதியைப் படித்து, பிற்பாதியை விட்டுவிட்டனர் போலும்!

செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' (1973) இவ்வகையில் கவனிக்கத்தக்க நாவலாகும். நெடுந்தீவுக்குப் பருவத்தோடு வந்து பருவத்தோடு திரும்பும் மீனவரின் வாழ்வை அது சித்திரிக்கிறது. நாவலின் பெயரே ஒரு காற்றின் பெயர். காற்றும் கடலும் இங்கே வெறும் பின்னணித் திரை அல்ல. தொழிலையும் உறவையும் நிர்ணயிக்கும் சக்திகள். ஆசிரியர் புவியியல் பயின்றவர் என்பது தற்செயலான செய்தி அன்று. மண்ணைப் பற்றிய அறிவு, யதார்த்தத்தின் ஓர் அங்கமாகும்.

அதே நெடுந்தீவை இன்று நம்மவர் எவ்வாறு காண்கின்றனர்? பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் இருந்து விடுமுறைக்குச் செல்லும் மாணவர், குறிகட்டுவானில் படகேறிக் கட்டாக்காலிக் குதிரைகளைப் படமெடுத்துத் திரும்புகின்றனர். பயணக் கட்டுரைகளும் குதிரைகளையே பாடுகின்றன. அக்குதிரைகளோ அந்நிய ஆட்சியாளர் தம் தேவைக்காக வளர்த்தவற்றின் வழிவந்தவை. அவற்றைக் காத்தல் நன்றே. ஆனால் தீவின் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது. சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கும் மழைநீர், உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உப்பு மேலேறும். மனிதரும் மாடும் குதிரையும் அந்தப் படலத்தையே நம்பி வாழ்கின்றனர். தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. வறட்சிக் காலத்தில் தண்ணீருக்கு வழியில்லையேல் அப்பிரகடனத்தால் யாருக்கு என்ன பயன்?

தீவைச் சூழ்ந்த கடலும் இத்தகையதே. பாக்கு நீரிணையின் ஆழமற்ற நீரில் கடற்புல் வெளிகள் உள்ளன. அருகிவரும் கடற்பசு அங்கே மேய்கிறது. இறாலும் மீன்குஞ்சும் அங்கே வளர்கின்றன. அடியோடு வாரிச் செல்லும் இழுவைமடி, கடற்பசுவின் உணவையும் சிறு வள்ளக்காரரின் நாளைய பிடிபாட்டையும் ஒரே இழுப்பில் அழிக்கிறது. 2017இல் இலங்கை அதனைச் சட்டத்தால் தடை செய்தது. ஆயினும் தமிழகக் கரையிலிருந்து இழுவைப் படகுகள் வருவது ஓயவில்லை. அப்படகுகளில் கூலிக்கு வருபவனும் ஏழைத் தமிழனே. அவனை ஏவும் முதலுக்கு இனமும் இல்லை, எல்லையும் இல்லை. இப்பிரச்சினையை இருநாட்டு மீனவர் பகையாக மட்டும் சித்திரிக்கும் எழுத்து உண்மையின் பாதியையே சொல்கிறது.

தெற்கே மன்னார்த் தீவில் இதே பிரச்சினை வேறு வடிவில் எழுந்துள்ளது. மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்கோடியில் உள்ளது அத்தீவு. எதிர்க்கரையிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் சாசனத்தின் கீழ் இடம்பெற்றது. தீவின் தென்கரையில் 2020இல் முப்பது காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. அடுத்து வந்த அதானி கம்பெனியின் திட்டத்தை மீனவரும் பறவை ஆய்வாளரும் ஒருங்கே எதிர்த்தனர். 2025 பெப்ரவரியில் கம்பெனி விலகிக்கொண்டது. மக்களின் குரலோ பறவைகளின் பாதையோ அதற்குக் காரணம் அன்று; மின்சார விலையை அரசு மீளப் பேச முற்பட்டதே காரணம். எனவே ஆபத்து நீங்கவில்லை. வேறு காற்றாலைத் திட்டங்களையும் இல்மனைற் மணல் அகழ்வையும் எதிர்த்து அதே ஆண்டு ஆகஸ்டில் மன்னார் மக்கள் மீண்டும் போராடினர்.

காற்றிலிருந்து மின்சாரம் பெறுவதை நாம் எதிர்க்கவில்லை. எங்கே, எத்தனை, எவர் நலனுக்காக என்பதே நம் கேள்வி. பசித்த மீனவன் இருக்கப் பறவைக்கு இரங்குவதா என்று கேட்போர் மன்னாரை நோக்குக. பூநாரை இறங்கும் சேற்றுநிலமும் மீனவன் வலைவீசும் களப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை விற்பவன் மற்றதையும் விற்கிறான். மக்களை வெளியேற்றிவிட்டு உயிரினத்தைக் காப்போம் என்பதும், உயிரினத்தை அழித்து மக்களை வாழவைப்போம் என்பதும் ஒரே பொய்யின் இரு முகங்கள்.

ஆகவே நம் எழுத்தாளரிடம் நாம் வேண்டுவது இரக்கப் பாட்டன்று, அறிவு. கிணற்றின் உப்பையும் கடற்புல்லின் பருவத்தையும் பறவை வரும் மாதத்தையும் தீவு மக்கள் அறிவர். ஆசிரியரும் மாணவரும் அவர்களிடம் சென்று கற்கட்டும். அங்கிருந்து எழும் எழுத்தே மண்வாசனை என்னும் சொல்லுக்கு முழுப் பொருள் தரும்.