கணக்கில் இருக்கும் கத்தரிக்கோல்

திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனங்களில் பேக்கிங் பிரிவுக்குள் நுழைந்தால் இப்போது முதலில் கண்ணில் படுவது ஒரு பலகை. கத்தரிக்கோல், நூல் வெட்டும் டிரிம்மர், விலைச்சீட்டைத் துணியில் குத்தும் டேக் கன், பெட்டி அறுக்கும் கட்டர் என்று ஒவ்வொன்றின் உருவமும் வரையப்பட்டிருக்கும். அதனதன் இடத்தில் எண் பொறித்த கருவி தொங்கும். பக்கத்தில் ஒரு பதிவேடு இருக்கும். இந்தப் பலகைக்காகவே சிறந்த பிரிவு என்று கேடயம் கொடுக்கிறார்கள். சரக்கை வாங்கும் பையரின் தணிக்கையில் ஒரு குறைகூட எழுதப்படவில்லை என்பதைக் கருவிப் பராமரிப்புக்கான நற்சான்றாக மேடையில் சொல்கிறார்கள். நல்ல நிர்வாகம் என்று பெயரெடுத்த ஓர் ஆலையின் தரக் கட்டுப்பாட்டு மேலாளர், "கருவிப் பரிசோதனையில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை" என்று சொல்லி அந்தப் பதிவேட்டை என்னிடம் விரித்துக் காட்டினார். எண், வாங்கியவர் பெயர், கொடுத்த நேரம், திரும்பிய நேரம், கையெழுத்து. ஒரு பக்கத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை. கருவி எந்த நிலையில் இருந்தது என்று எழுத அதில் கட்டமே கிடையாது.

இந்த ஏற்பாட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தைச் சட்டைக்குள் ஊசிமுனை போய்விட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஜப்பானில் பொருள் பொறுப்புச் சட்டம் 1995 ஜூலையில் நடப்புக்கு வந்தது. உடைந்த ஊசியின் துண்டுகளைத் தேடிப் பதிவேட்டில் ஒட்டுவது, மெட்டல் டிடெக்டரில் எல்லாப் பீஸையும் விடுவது எல்லாம் அத்தகைய பொறுப்புச் சட்டங்களின் அழுத்தத்தில்தான் வேரூன்றின. கருவிகளுக்கு எண் போட்டதால் தொலைவது குறைந்தது. தேடி அலைவதும் குறைந்தது. இவையெல்லாம் உண்மை.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பல காலமாகச் சொல்லிவருகிறேன். இங்கே நடப்பது கருவிகளை எண்ணுவது. அதைப் பரிசோதனை என்று அழைக்கிறார்கள். சட்டையை வாங்கப்போகிறவருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக வகுத்த நடைமுறை, கருவியைப் பிடித்திருக்கிற கைக்கு ஆபத்து வருகிறதா என்று ஒரு முறைகூடக் கேட்பதில்லை. மழுங்கிய கத்தரிக்கோல் மாலையில் பலகைக்குத் திரும்பிவிட்டால் கணக்கு நேராகிவிடுகிறது. கூர்மையான புதிய கத்தரிக்கோல் ஒன்று குறைந்தால் பிரிவே ஸ்தம்பித்து நிற்கிறது. இந்த இரண்டில் எது பெரிய குறை என்று தொழிலாளிக்குத் தினமும் பாடம் நடக்கிறது.

டேக் கன்னை எடுத்துக்கொள்வோம். அதன் ஊசி உடைந்தால் உடனே நடவடிக்கை உண்டு. உடையாமல் முனை வளைந்தால், விளிம்பில் பிசிறு கிளம்பினால், ஒன்றும் நடக்காது. ஆனால் பின்னலாடைக்குக் கேடு செய்வது பெரும்பாலும் அந்தப் பிசிறுதான். சிங்கிள் ஜெர்சியில் ஒரு கண்ணி அறுந்தால் மேசையில் தெரியாது. இழுபடும்போது அல்லது முதல் துவைப்பில் அது ஓட்டையாக விரியும். அதற்குள் சட்டை ஐரோப்பாவில் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கும். மெல்லிய துணிக்கு மெல்லிய ஊசி, தடித்த துணிக்கு வழக்கமான ஊசி என்ற வேறுபாட்டையும் பல பிரிவுகளில் பார்ப்பதில்லை. எது பலகையில் இருக்கிறதோ அதை எடுத்துக் குத்துகிறார்கள். முனை கெட்ட டேக் கன்னில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அமுக்க வேண்டியிருக்கும். ஒரு ஷிப்ட் முழுக்க அப்படி அமுக்கும் பெண்ணின் கட்டைவிரல் மூட்டில் வலி வந்தால் அது எந்தப் பதிவேட்டில் ஏறும்?

கட்டர் கதை இதைவிட மோசம். நுனியை ஒடித்து ஒடித்துப் புதுக் கூர் எடுக்கிற பிளேடு ஜப்பானில் 1956-இல் ஒகாடா யோஷியோ உருவாக்கியது. பின்னாளில் ஓல்ஃபா என்ற பெயரில் உலகெங்கும் போனது. மழுங்கிய பிளேடோடு யாரும் போராட வேண்டாம், நொடியில் கூர் கிடைக்கட்டும் என்பதே அந்தக் கருவியின் உயிர். ஒடிந்த துண்டு பெட்டிக்குள் விழுந்துவிடும் என்ற அச்சத்தில் பையர்கள் பலர் அதைத் தடை செய்திருக்கிறார்கள். அச்சம் நியாயமானது. ஆனால் தடை செய்தவர்கள், கூர் எளிதாகக் கிடைக்க வேறு வழி செய்தார்களா? ஒற்றைப் பிளேடு போட்ட கட்டரைக் கையில் கொடுத்து, பிளேடுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். மாற்ற வேண்டுமென்றால் பழைய பிளேடை முழுதாகக் கொண்டுபோக வேண்டும், சூப்பர்வைசர் வரவேண்டும், சாவி வரவேண்டும், இரண்டு கையெழுத்து விழவேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு அந்தக் காத்திருப்பு சம்பளத்தில் விழுகிற வெட்டு. நாள் சம்பளக்காரருக்கு அது "எங்கே போனாய்" என்ற கேள்வி. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. பிளேடு மழுங்கிய பிறகும் அதையே வைத்து அழுத்துவார். அழுத்தி அறுக்கும்போது அட்டை திடீரென்று விட்டுக்கொடுக்கும். கட்டர் போகிற திசையில் மறுகை இருக்கும். காயத்துக்குக் காரணம் "கவனக்குறைவு" என்று எழுதுவார்கள். கூரான கருவியைவிட மழுங்கிய கருவிதான் கையை வெட்டும் என்பது தச்சருக்கும் தையல்காரருக்கும் சமையல்காரருக்கும் தெரிந்த செய்தி. நம் பதிவேட்டுக்கு மட்டும் தெரியவில்லை.

முன்பெல்லாம் சாணை பிடிக்கிறவர் ஆலை வாசலுக்கு வருவார். கத்தரிக்கோல்கள் மொத்தமாக வெளியே போய்க் கூராகித் திரும்பும். கருவி வளாகத்தை விட்டு வெளியேறக்கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது என்று விதி வந்தபின் பல இடங்களில் அந்த வழக்கம் அறுந்துவிட்டது. அதற்குப் பதிலாக உள்ளே ஒரு சாணைக்கல்லும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஓர் ஆளும் வைக்கப்பட்டதை நான் மிகச் சில இடங்களில்தான் பார்த்திருக்கிறேன். மீதி இடங்களில் மலிவான கத்தரிக்கோல் வாங்கி, வெட்டாமல் போனால் தூக்கிப் போடுகிறார்கள். தூக்கிப் போடுவதற்கும் ஒரு படிவம் உண்டு என்பதால், அது கடைசி வரை தள்ளிப் போகிறது.

அட்டைப்பெட்டிக்கு ஸ்ட்ராப் கட்டுகிற இடத்தில் இந்த அலட்சியம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஸ்ட்ராப்பை இறுக்கும் டென்ஷனர் கூர்மையான கருவி இல்லையே, அதனால் அது எண்ணிக்கைப் பட்டியலிலேயே பெரும்பாலும் வராது. அதன் பல்சக்கரத்தில் பிளாஸ்டிக் தூள் அடைந்தால் ஸ்ட்ராப் வழுக்கும். இரும்பு ஸ்ட்ராப் என்றால் துருவும் சிராயும் அடையும். கம்பி பிரஷ்ஷால் நாலு தேய்ப்புப் போதும், பிடிப்பு திரும்பிவிடும். கிளிப்பை அமுக்குகிற கிரிம்பரின் வாய் தேய்ந்தால் கிளிப் முழுதாக மூடாது; மூடியதுபோலத் தோன்றும், லாரி குலுங்கும்போது நழுவும். தொழிலாளிகள் இதைக் கண்டுபிடித்து ஒரு கிளிப்புக்கு இரண்டு கிளிப் போடுகிறார்கள், அல்லது ஒரே கிளிப்பை இரண்டு முறை அமுக்குகிறார்கள். இவ்வளவு நுட்பமான நோயறிதலை அவர்கள் செய்த பிறகும், அதை எழுதிவைக்க யாரும் கேட்பதில்லை. ஸ்ட்ராப்புக்கும் கிளிப்புக்கும் ஏஎஸ்டிஎம் தரக்குறிப்புகள் இருக்கின்றன: தட்டை இரும்புக்கு டி3953, உலோகமல்லாதவற்றுக்கு டி3950. வாங்குகிற சுருள் தரமானதா என்று சான்றிதழ் கேட்கிறோம். அதை இறுக்குகிற கருவியிடம் எதுவும் கேட்பதில்லை.

ஆயுத பூஜையைச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. கருவிக்கு வருடத்தில் ஒரு நாள் மரியாதை செய்கிற நல்ல வழக்கம் அது; அன்றைக்குத்தான் பல கருவிகள் முழுதாகத் துடைக்கப்படுகின்றன. ஆனால் துடைத்த கையோடு டென்ஷனர் முழுவதற்கும் எண்ணெய் போட்டுவிடுகிறார்கள். அச்சுக்கும் திருகுக்கும்தான் எண்ணெய். பல்சக்கரத்திலும் அதன் எதிர்ப்பலகையிலும் எண்ணெய் பட்டால் அவை பிடிப்பை இழக்கும். விடுமுறை முடிந்து வந்த முதல் நாள் ஸ்ட்ராப் வழுக்குகிறது என்று புகார் வந்தால் அதன் காரணம் பெரும்பாலும் இந்த அக்கறைதான். அக்கறைக்குக் குறைவே இல்லை. அக்கறையுள்ள கைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தக் கட்டத்தில் ஒரு வாதம் வரும். "தணிக்கை வந்ததால்தான் இந்த அளவாவது ஒழுங்கு வந்தது. எண்ணிக்கையில் தொடங்குவோம், பராமரிப்பு பின்னால் வரும்." இத்தனை வருடமாகப் பின்னால் வரவில்லை என்பதே என் பதில். பின்னால் வராது என்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்தப் பலகையும் வரைந்த உருவங்களும் நமக்கு ஜப்பானிய ஆலைகளிடமிருந்து வந்தவை. டொயோட்டா குழுமத்து நிப்பான்டென்சோ 1971-இல் பரிசு பெற்ற முழுப் பங்கேற்புப் பராமரிப்பு முறையில், கருவியைப் பயன்படுத்துகிறவரே அதைத் துடைப்பார். துடைக்கும்போதே தேய்வையும் விரிசலையும் ஆட்டத்தையும் கண்டுபிடிப்பார். கண்டதைக் குறித்துவைத்து, தன்னால் முடிந்ததைத் தானே சரிசெய்வார். துடைத்தலும் சோதனையும் அங்கே ஒரே வேலை. அந்த முறையின் பாரம் முழுவதும் தொழிலாளியின் தீர்ப்பை நம்புவதில் இருக்கிறது. நாம் சுவரில் மாட்டக்கூடிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். தொழிலாளியை நம்பும் பகுதியை விட்டுவிட்டு, கத்தரிக்கோலை மேசையோடு கயிற்றில் கட்டினோம். கயிறு எட்டாத இடத்தில் நூல் தொங்கினால் அவர் குனிந்து உடம்பைத் திருப்ப வேண்டும். இடக்கைக்காரருக்கு அந்தக் கயிறு எப்போதும் தவறான பக்கத்தில் இருக்கும்.

சட்டமும் இந்த இடத்தில் அதிகம் உதவவில்லை. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் லிஃப்டை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், தூக்கும் சங்கிலி, கயிறுகளைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையும் தகுதியானவர் சோதிக்க வேண்டும் என்று தனித்தனிப் பிரிவுகளில் வரையறுத்தது. கத்தரிக்கோலுக்கும் கட்டருக்கும் அப்படி ஒரு கால வரையறை அதில் இருக்கவில்லை. ஆகவே அந்த வேலையை ஆலைதான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமும் இல்லை. மெட்டல் டிடெக்டரை ஒரு நாளில் பலமுறை, சோதனைக் குண்டை ஒன்பது இடங்களில் வைத்து ஓட்டிப் பார்க்கிறோம். அதே பொறுமையில் ஒரு சிறு பங்கு போதும். ஷிப்ட் தொடங்கும்போது ஒற்றை மடிப்பு ஜெர்சித் துண்டைக் கத்தரிக்கோலின் நுனியால் வெட்டட்டும். துணி மடிந்து நுழைந்தால் சாணைக்குப் போக வேண்டும். டேக் கன் ஊசியைப் பஞ்சில் இழுக்கட்டும். இழை சிக்கினால் பிசிறு இருக்கிறது. ஒரு ஸ்ட்ராப் துண்டை இறுக்கி, கிளிப் அமுக்கி, கையால் முறுக்கிப் பார்க்கட்டும். பதிவேட்டில் கையெழுத்துக்கு முன் "நிலை" என்று ஒரு கட்டம் சேர்க்கட்டும். அதை நிரப்புவது சூப்பர்வைசராக இருக்கக்கூடாது, கருவியைப் பிடிக்கிறவராக இருக்க வேண்டும். "இது வேண்டாம், வேறு கொடுங்கள்" என்று அவர் சொன்னால் மாற்றுக் கருவி மேசைக்கே வரவேண்டும்; அதற்கு ஆகும் நேரத்துக்கு பீஸ் ரேட்காரருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். கேடயம் கொடுக்கிறவர்கள் அடுத்த முறை பலகையைப் பார்த்துவிட்டு நகராமல், அதிலிருந்து ஏதாவது ஒரு கத்தரிக்கோலைக் கழற்றித் துணியில் வைத்து வெட்டிப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடட்டும்.