நாயின் பகிடி

எல். கியூ. ஜோன்ஸ் நெறிப்படுத்திய ‘எ போய் அன்ட் ஹிஸ் டோக்’ (1975) குறைந்த செலவில் உருவான கறுப்பு நகைச்சுவைப் படம். அணுயுத்தம் பாலையாக்கிய 2024இல் ஓர் இளைஞனும், அவனோடு மனத்தால் பேசும் நாயும் உணவு தேடி அலைகின்றனர். நாயின் நக்கலுக்கு நானும் மனம்விட்டுச் சிரித்தேன். ஆனால் முடிவில் கூட வந்த பெண்ணே பசித்த நாய்க்கு இரையாகிறாள். அவளது ‘ருசி’யை வைத்து நாய் சிலேடை பேசுகிறது.

மூலக் குறுநாவலிலும் அவள் சாகிறாள்தான். சிலேடை அங்கில்லை. ஆசிரியர் ஹார்லன் எலிசனே அவ்வசனத்தை வெறுத்தார். பெண்ணிய எழுத்தாளர் ஜோஅன்னா ரஸ் படத்தைக் கடுமையாகச் சாடினார். இரசிகர் வாக்குகளோ 1976இல் ஹியூகோ விருதை வழங்கின.

வெறும் பகிடிதானே என்போர் டிம் மக்கின்டயரின் குரலைக் கவனிக்க வேண்டும். படம் முழுக்க நம்மைச் சிரிக்கப் பழக்கிய அதே குரல்தான் அவளது சாவையும் பகிடியாக்குகிறது.