இயைபும் மெய்ம்மையும்

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் போற்றுவோர் அவற்றின் விடைகளுக்கு இரண்டு சிறப்புகளை ஏற்றிக் கூறுவர். அவை விருப்பு வெறுப்பற்றவை என்பது ஒன்று. முன்னுக்குப்பின் முரணாதவை என்பது மற்றொன்று. முன்னதைப் புறவயத் தன்மை என்றும் பின்னதை இயைபு என்றும் மெய்யியலார் வழங்குவர். இவ்விரு புகழுரைகளும் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இயைபே மெய்ம்மை எனக் கொண்ட மெய்யியலார் உண்டு. அவர்களை மறுத்த பெர்ட்ரண்டு ரசல், 1912ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மெய்யியற் சிக்கல்கள்’ என்னும் நூலில் நாவலாசிரியனை எடுத்துக்காட்டினார். கற்பனை வளமிக்க ஒருவன், நாம் அறிந்தவற்றோடு முற்றும் பொருந்தும் ஓர் இறந்தகாலத்தைப் படைத்துவிடலாம். அதனால் அது நிகழ்ந்ததாகிவிடாது. இலக்கியம் பயில்வோர்க்கு இது புதிதன்று. கட்டுக்கோப்பு குறைவற அமைந்தமையால் மட்டும் புதினம் வரலாறாவதில்லை.

இம்மறுப்பு இன்றைய மொழிக் கருவிகளுக்குச் சாலப் பொருந்தும். பெருந்தொகையான எழுத்துகளில் எச்சொல்லை அடுத்து எச்சொல் வரும் எனக் கணித்துப் பயின்றவை அவை. ஆதலின் சொல்லியைபு எளிதிற் கைகூடுகின்றது. பொருளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் அவ்வாறு கைகூடுவதில்லை. 2023ஆம் ஆண்டில் நியூயார்க் வழக்கறிஞர் இருவர், சாட்ஜிபிடி புனைந்த முன்தீர்ப்புகளை நீதிமன்றத்தில் அளித்தனர். அவர்களுக்கும் அவர்தம் நிறுவனத்திற்குமாக 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அத்தீர்ப்புகளில் வழக்கின் பெயரும் நீதிபதியர் பெயரும் மேற்கோளும் இருந்தன, வழக்குகள்தாம் இல்லை. அவை உண்மையானவையா என அக்கருவியையே வினவியபோதும் ‘ஆம்’ என்றே விடை வந்தது. தன் கூற்றுக்குத் தானே சான்றாகும்போது இயைபு கெடுவதில்லை; மெய்ம்மையே கெடுகின்றது.

விருப்பு வெறுப்பின்மையும் அத்தகையதே. கருவி பயின்ற எழுத்துகள் மனிதர் எழுதியவை. அதன் விடைகளுள் நல்லது எது எனத் தரமிட்டுத் திருத்தியோரும் மனிதரே. பார்வைக் கோணம் மறைந்திருத்தல் வேறு, இல்லாதிருத்தல் வேறு. தன் கூற்றைப் புறப்பொருளின்முன் நிறுத்தி, அது மறுக்குமாயின் திருத்திக்கொள்ளும் ஒழுக்கமே புறவயத் தன்மை எனலாம்.

இயைபு வேண்டா என்பது நம் கருத்தன்று. முரண்பாடு பொய்யைக் காட்டிக்கொடுக்கும். முரணின்மையோ மெய்யை நிறுவாது. தேடிச் சான்று காட்டும் கருவிகளும் இன்று உண்டு. ஆயினும் அச்சான்று கூற்றைத் தாங்குகின்றதா எனத் திறந்து பார்க்கும் கடமை படிப்போரைச் சார்ந்தது. எனவே, மாணவர் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர் ‘கோவை நன்று’ என எழுதுவதோடு நில்லாமல், ‘இதனை எந்நூலிற் கண்டாய்?’ எனவும் வினவுதல் வேண்டும்.